தார்ப்பாய் போடாத லாரி

மார்ஷ்பி சர்ச் ஹாலில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடக்கிற கூட்டத்துக்குப் பெயர் பழைய லாரி நினைவுக் கூட்டம். பெயர்தான் அப்படி, உள்ளே நடப்பது சண்டை. ஒரு பழைய லாரிப் படத்தைத் திரையில் போடுவார்கள். அது பெட்ஃபோர்டா ஆஸ்டினா, வருஷம் ஐம்பத்திரண்டா ஐம்பத்து மூன்றா என்று எண்பதைத் தாண்டிய ஆட்கள் வாய்க்கு வந்தபடி ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். மூன்றரைக்கு டீயும் பிளம் பிரெட்டும் வந்தால்தான் ஓய்வார்கள். இங்கிலாந்தில் இந்த லிங்கன்ஷையர் பக்கம் ஒரு காலத்தில் பாதிப் பேர் உருளைக்கிழங்கு போட்டார்கள், மீதிப் பேர் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். அந்த மீதிப் பேரில் மிச்சம் இருப்பவர்கள்தான் இவர்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஜேனிஸ் ஒரு நாளும் போனதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வயது அறுபத்திரண்டு. சர்ச் ஹால் வாசலைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போவாள். லாரி என்றாலே அவளுக்கு ஆகாது. அதற்குக் காரணம் அவளுடைய அப்பா எரிக் டன்னர்ட்.

எரிக் இந்த ஊர் பெல்லோபி கம்பெனியில் லாரி ஓட்டியவர். ஜேனிஸுக்கு இரண்டு வயதாகும்போது நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார். முகம்கூட அவளுக்கு ஞாபகமில்லை. அப்பா எப்படிப்பட்டவர் என்று எத்தனை தடவை கேட்டாலும் அம்மா டாரதியிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "உங்கப்பனுக்கு லாரிதான் பொண்டாட்டி, லாரிதான் புள்ள. நீ பொறந்த அன்னிக்கே அவன் லிவர்பூல்ல அது கூடத்தான் குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தான். எல்லாம் முடிஞ்சு மறுநாள் காலைல வந்து நின்னான், மகராசன்." அதற்கு மேல் வந்தால் அதுவும் திட்டாகத்தான் இருக்கும். சின்ன வயதில் இதைக் கேட்டு ஜேனிஸ் சிரித்துவிடுவாள். வளர வளர அது முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. நம்மை ஏறெடுத்துப் பார்க்கக்கூட விருப்பமில்லாத ஒரு மனுஷனுக்கா பிறந்தோம் என்று அறுபது வருஷமாக அவளுக்குள் ஒரு கேள்வி.

போன மார்ச்சில் டாரதி கண்ணை மூடினாள். வீட்டை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவில் ஒரு பழைய படம் கிடைத்தது. மூட்டை அடுக்கிய லாரியின் மேல் ஓர் ஒல்லி ஆள், குனிந்து கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் பென்சிலில் 'எரிக், 1956' என்று எழுதியிருந்தது. ஜேனிஸ் அதை ஏழு மாதம் சமையலறை அலமாரியில் சாத்தி வைத்துப் பார்த்தாள். அவரோடு வேலை செய்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இவர்களும் போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது? நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

படம் காட்டுகிற பெட்டி ரெஜ் வசம். எண்பத்து மூன்று வயது, கால் மூட்டு இரண்டும் மாற்றியாயிற்று, குரல் மட்டும் மாறவில்லை. படத்தை வாங்கித் திரையில் பெரிதாகப் போட்டார்.

"எங்கப்பா எரிக் டன்னர்ட்," என்றாள் ஜேனிஸ், எழுந்து நின்று. "அவர உங்கள்ல யாருக்காவது தெரியுமா? எப்படிப்பட்ட ஆளுன்னு சொன்னாப் போதும்."

எல்லோரும் முன்னால் சாய்ந்து திரையைக் கூர்ந்து பார்த்தார்கள். அடடா, கேள்வி மனசைத் தொட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள் அவள்.

"பின்னாடி லைட்டு ஒண்ணுதான் இருக்கு," என்றார் முன்வரிசையில் சிட். இவருக்கு எண்பத்தெட்டு. காது பாதி கேட்காது, மீதியை அவரே கேட்க மாட்டார். "அப்போ இது ஆறு டன் வண்டி. எட்டு டன் வண்டிக்கு ரெண்டு லைட்டு."

"யோவ், ஆறு டன் வண்டிக்கு ஏது அந்த மாதிரி மட்கார்டு? கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரும்," என்றார் ரெஜ்.

"மட்கார்ட நான்தான்யா மாத்துனேன்! கெயின்ஸ்பரோ பாலத்துல இடிச்சது யாரு, நீதானே?"

"நான் இடிக்கல. பாலம் குறுகல்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். நம்பர் பிளேட்டின் கடைசி எழுத்து என்ன, கியர் பெட்டி எந்த வருஷம் மாற்றியது, டயர் எந்தக் கடையில் வாங்கியது என்று இருபது நிமிஷம். லாரி மேல் நிற்கிற மனுஷனைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. ஜேனிஸ் நின்றபடியே இருந்தாள். இந்தக் கூட்டத்துக்கு வந்து பழகியவர்களுக்குத் தெரியும், இவர்களுடைய கல்யாணப் படத்தைக் காட்டினாலும் பின்னால் நிற்கிற வண்டி என்ன வண்டி என்றுதான் கேட்பார்கள். அவளுக்கு எப்படித் தெரியும், பாவம். முகம் சிவந்துவிட்டது.

"வண்டிய விடுங்க!" என்றாள் சத்தமாக. "ஆள் எப்படி? நல்லவரா, கெட்டவரா? அதையாவது சொல்வீங்களா மாட்டீங்களா?"

சிட் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "அதத்தானே கண்ணு இவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டு இருக்கோம்? அந்தக் கயித்தப் பாரு. ஒரு முடிச்சாவது கோணலா இருக்கா? உங்கப்பன் கட்டின மூட்ட ஒண்ணு ரோட்டுல விழுந்ததுன்னு இந்த ஜில்லாவுல எவனும் சொல்ல முடியாது. தார்ப்பாய் போட்டான்னா இஸ்திரி போட்ட சட்ட மாதிரி இருக்கும்."

"மத்தவன் வண்டிய இரவல் வாங்கினா, திருப்பிக் குடுக்கறப்ப கழுவித் துடைச்சுத்தான் குடுப்பான்," என்றார் ரெஜ். "சீட்டக்கூடப் பழைய இடத்துக்கே தள்ளி வெச்சிருப்பான். அப்படி ஒரு ஆள நான் அதுக்கப்புறம் பாக்கல."

அதற்குள் டீ வந்துவிட்டது. ஜேனிஸ் மெதுவாக உட்கார்ந்தாள். நல்ல வார்த்தைதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் இதுவும் லாரியாகத்தான் முடிந்தது. அம்மா சொன்னது சரி போலிருக்கிறது, அந்த மனுஷனுக்குள் லாரியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நம்ம ரொட்டிக்காரன மாதிரி உண்டா!" என்றார் சிட், தனக்குள் சிரித்துக்கொண்டு.

ரெஜ் சட்டென்று அவர் காலை மிதித்தார். சிட் வாயை மூடிக்கொண்டார். ஹாலில் இருந்த ஏழெட்டுக் கிழங்களும் ஒரே நேரத்தில் டீக்கோப்பையைப் பார்த்தன.

"ரொட்டிக்காரனா? யாரு?"

"ஒண்ணுமில்லம்மா. அவன் ஏதோ உளர்றான். பிளம் பிரெட் எடுத்துக்கோ."

"எங்கப்பாவையா சொன்னாரு? ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"செத்துப் போனவன் பேர்ல ஒரு கறைய இப்ப எதுக்குக் கெளறிக்கிட்டு," என்றார் ரெஜ், பார்வையைத் தாழ்த்தி. "அறுபது வருஷமா நாங்க யாரும் வெளிய சொன்னதில்ல. உங்கம்மாவுக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்."

குடியா, வேறு பெண்ணா, திருட்டா? என்னவாக இருந்தாலும் இனித் தெரியாமல் வீட்டுக்குப் போக முடியாது. "நான் அவரோட மக," என்றாள். "எனக்குத் தெரியணும்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அடச் சொல்லித் தொலைங்கடா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அது வெரா. பெல்லோபி ஆபீசில் முப்பது வருஷம் ஃபோன் எடுத்தவள். லாரிக்காரர்கள் வெளியூரிலிருந்து தினமும் நாலு மணிக்கு ரோட்டோர ஃபோன் பெட்டியில் நின்று கூப்பிடுவார்கள். திரும்பி வரும்போது எங்கே போய் என்ன சரக்கு ஏற்ற வேண்டும் என்று வெராதான் சொல்லுவாள். அவளுக்கு இவர்கள் ரகசியம் அத்தனையும் அத்துப்படி. ஊன்றுகோலை ஊன்றி முன்னால் வந்து ஜேனிஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஐம்பத்தாறு நவம்பர். உங்கப்பா லிவர்பூல் மாவு மில்லுல ஆறு டன் மாவு ஏத்தியிருந்தான். அங்க சரக்கு ஏறினதும் வண்டிய வெளியில தள்ளிடுவானுங்க. தார்ப்பாயெல்லாம் தெருவுல நிறுத்தித்தான் போட்டுக்கணும். மணி நாலாச்சேன்னு, அந்த வேலைக்கு முன்னாடியே எனக்கு ஃபோன் பண்ணப் பெட்டிக்குப் போனான்."

"தார்ப்பாய் போடாம," என்றார் சிட்.

"குறுக்க பேசாத சிட். நான் சொன்னேன், 'எரிக், டாரதிக்கு வலி எடுத்திடுச்சு, ஒரு மாசம் முன்னாடியே. நர்ஸ் போயிருக்கா, குழந்த தல மேலயும் கால் கீழயுமா இருக்காம், நர்ஸ் முகமே சரியில்ல' அப்படின்னு. எரிக், எரிக்னு கத்தறேன். ஃபோன்ல ரோட்டுச் சத்தம் மட்டும் கேக்குது. ரிசீவரத் தொங்க விட்டுட்டு ஓடியிருக்கான் பாவி."

"எங்க?"

"வீட்டுக்குத்தான், வேற எங்க? சரக்கு ஏத்துன லாரி அப்போல்லாம் மணிக்கு இருபது மைல்தான் போகணும், சட்டம். நடுவுல ராத்திரி தங்கி அதுல வந்தா மறுநாள் மத்தியானம் ஆயிடும்னு வண்டிய அப்படியே நடுத்தெருவுல விட்டுட்டான். சாவி அதுலயே இருக்கு, சரக்கு தொறந்து கெடக்கு. க்ரிம்ஸ்பித் துறைமுகத்துக்குத் திரும்பற மீன் வேன் ஒண்ணக் கைகாட்டி நிறுத்தி, பின்னாடி காலி மீன் பெட்டிங்க மேல உக்காந்து வந்தான். ரேக்பியில எறங்கி எட்டு மைல் நடந்தான். நடந்தானோ ஓடினானோ, யார் கண்டா."

ரெஜ் தொண்டையைக் கனைத்தார். "அன்னிக்கு லிவர்பூல்ல ராத்திரி பூரா மழை. நானும் சிட்டும்தான் வண்டிய எடுக்கப் போனோம். மாவா அது? களி. மம்பட்டி போட்டு வெட்டி எடுத்தோம். முதலாளி ஒரு மாசம் அவனுக்கு வண்டி குடுக்கல, யார்டுல மத்தவன் லாரியக் கழுவ விட்டாரு. ஆறு டன் மாவையும் மழையில பிசைஞ்சு வெச்சவன்னு அதுலேருந்துதான் ரொட்டிக்காரன்னு பேரு. பச்சக் குழந்தையோட இருக்கறவ, என் வேலை போயிடுமோன்னு பயப்படுவா, டாரதிகிட்ட மூச்சு விடாதீங்கன்னு ஒவ்வொருத்தன் கையையும் பிடிச்சுக்கிட்டுக் கேட்டான். நாங்களும் விடல. சரக்க விட்டுட்டு ஓடினவன்னு ஒருத்தனுக்குப் பேரு வர்றது சாதாரண அவமானமா? நீ தப்பா நினைச்சுக்காதம்மா. அந்த ஒண்ணத் தவிர அவன் தங்கம்."

ஜேனிஸ் திரையில் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிற ஆளையே பார்த்தாள். தப்பாக எடுத்துக்கொண்டாளோ என்று ரெஜுக்குப் பயம் வந்துவிட்டது. மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அம்மா ஒண்ணு சொல்லுவாங்க," என்றாள் கடைசியில். "வந்து நின்ன அன்னிக்கு அவர் மேல ஒரே மீன் நாத்தமாம். க்ரிம்ஸ்பியில கூட்டாளிங்களோட குடிச்சுட்டு வந்திருக்கான்னு நெனச்சு, கிட்டயே விடலயாம். குழந்தயத் தொடாத, போய்க் குளின்னு வெரட்டுனாங்களாம். அவரும் ஒண்ணும் சொல்லாம பின்கட்டுக்குப் போயிட்டாராம். சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லித் திட்டுனாங்க."

வெரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜேனிஸ் அழுதாள், அழுதபடியே சிரித்தாள். கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினாள். ரெஜ் டீ மேஜையிலிருந்து ஒரு கட்டு பேப்பர் நாப்கினைக் கொண்டுவந்து அப்படியே அவள் மடியில் போட்டார்.

சிட்டுக்கு மட்டும் ஆறவில்லை. அறுபத்திரண்டு வருஷமாக அவர் நெஞ்சில் அந்த மாவு உறைந்து கிடக்கிறது.

"எல்லாம் சரிதான்," என்றார். "பொண்டாட்டிக்கு வலின்னா ஓட வேண்டியதுதான், நான் இல்லேங்கல. ஆனா தார்ப்பாய இழுத்து விட்டுட்டு ஓடியிருக்கலாம்ல? பத்து நிமிஷ வேல. அவன் கைக்கு எட்டே நிமிஷம்."

"ஆமா," என்றாள் ஜேனிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த எட்டு நிமிஷம்கூட எங்கப்பா நிக்கல."