அக்காவின் பிறப்புப் பத்திரம்

ரெங்கம்மாவைக் குறை சொல்ல வருகிறவர்கள், முதலில் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய்க் கட்டிய ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில், ஒரு மழைக்காலம் குடியிருந்துவிட்டு வரட்டும். புருஷன் இல்லை. தொண்ணூற்றெட்டில் மலையில் வழுக்கி விழுந்து வலது கையும் உடைந்து முடங்கிப்போயிற்று. வீட்டிலிருந்து யாராவது பேர் பதிந்து வேலைக்கு வராவிட்டால் காம்பராவைக் காலி பண்ண வேண்டுமென்று கங்காணி சொல்லிவிட்டார். மகள் யோகேஸ்வரிக்கோ பதினைந்துதான். பதிய வயது போதாது.

தகரப் பெட்டிக்குள் மூத்தவள் புஷ்பராணியின் பிறப்புப் பத்திரம் கிடந்தது. மூன்று வயதில் வயிற்றோட்டத்தில் செத்துப்போன பிள்ளை. சாவை யாரும் பதியவில்லை. இருந்திருந்தால் பத்தொன்பது. ரெங்கம்மா யோகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போய், இவள்தான் புஷ்பராணி என்று அதை ஆபீசில் நீட்டினாள்.

"ஒரு வருசந்தான் தாயி. கை சரியானதும் நீ பள்ளிக்கொடம் போகலாம்" என்று மகளைத் தேற்றினாள். அக்காவின் பேரிலேயே அடையாள அட்டையும் வந்தது; விஷயம் தெரிந்த லயத்துச் சனமும் காட்டிக்கொடுக்கவில்லை.

கை எங்கே சரியானது! யோகேஸ்வரி கொழுந்து பறித்துக்கொண்டே படித்தாள். பழைய பள்ளிக்கூடத்துக் குணமணி டீச்சர் ஒரு நாவல் கொடுத்திருந்தார். பேர்போன நாவலாம். செத்துப்போன அக்கா, தன் தங்கை வளர்ந்து ஆளாவதைச் சொல்கிற கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வாசிக்க, எழுத்தறியாத ரெங்கம்மா கேட்டாள்.

"செத்தவ எப்படிடி கதை சொல்லுவா?"

"கேளும்மா, சொல்றால்ல."

தங்கை பள்ளிக்கூடம் போனதை, வயசுக்கு வந்ததை, ஒருத்தனை நம்பி ஏமாந்ததை எல்லாம் அந்த அக்கா பொறாமையில்லாமல் சொன்னாள். ரெங்கம்மாவுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. தன் புஷ்பமும் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், பெற்ற மனது தனக்குத் தோதான இடத்தில்தான் கதையைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாயிரத்தில் டீச்சர் சாதாரணதரப் பரீட்சை விண்ணப்பத்தோடு வந்தார். அடையாள அட்டையைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த அட்டையோட யோகேஸ்வரி பரீட்சை எழுத ஏலாதம்மா. பேரைத் திருத்தப் போனால் வேலையும் போகும், வீடும் போகும்."

அவர் போனபின் ரெங்கம்மா மகளின் கையைப் பிடித்தாள். "அக்காவுக்கு ஒம்மேல கோவமில்லடி. அந்தப் பொஸ்தகத்துல வர்றவ மாதிரி ஒன்னயப் பாத்துக்கிட்டேதான் இருப்பா."

"அவளுக்கு என்னம்மா கோவம்?" என்றாள் யோகேஸ்வரி. "காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் வாசிக்கிறப்ப அவளத்தான் கூப்புடுறாங்க. நாளைக்குக் கல்யாணம் பதிஞ்சாலும் அவ பேருலதான். பாத்துக்கிட்டு இருக்கிறது நாந்தாம்மா."

ரெங்கம்மா இடிந்துபோனாள். மூத்தவள் செத்த அன்று லயமே கூடி அழுதது. இவளுக்காக அழ ரெங்கம்மா ஒருத்திதான் இருந்தாள். அவளும் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.