தெற்கு பார்த்த நிலைகள்

கொட்டகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை அறைகளாக இருந்த லயத்துக்குப் பதிலாக இருபது தனி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தபோது, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வாசல் நிலைகள் எரிந்தன. மூன்றும் மத்தியான வேளையில். பழி காவல்காரர் மேல் விழுந்தது. அவர் கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களப் பெரியவர். பீடி பிடிப்பார். அது போதாதா?

கட்டட மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னார்: "நீதான் சிங்களத்துல எழுதுவியே. பொலிஸுக்கு ஒரு முறைப்பாடு எழுது. திங்கக்கிழமை அவரை அனுப்பிர்றோம்."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். எழுதுவதென்றால் விசாரித்துத்தான் எழுதவேண்டும் என்று கொப்பியோடு கிளம்பினேன். எரிந்த இடங்களைப் பார்த்ததும் ஒன்று உறுத்தியது. நிலை வைத்த அன்று நாங்கள் நவதானியம் முடிந்த மஞ்சள் துணியைக் கட்டுவோமே, மூன்று இடத்திலும் அது கருகவே இல்லை. அவிழ்த்து, செங்கல் மேல் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. பெரியவருக்கு அந்த முடிச்சு என்னவென்றே தெரியாது. இது எங்கள் ஆள் வேலை.

இன்னொன்று: மூன்று நிலைகளும் தெற்கு பார்த்தவை. பாதை வளையும் இடத்தில் அப்படி நான்கு வீடுகள். நான்காவது எங்களுடையது.

அடுத்த ஞாயிறு, காவல்காரர் சோறு தின்னப் போனதும் எங்கள் வீட்டு நிலைக்கு எதிரே மணல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மண்ணெண்ணெய்ப் போத்தலோடு ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். நிலையைக் கும்பிட்டு, முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அப்பா!"

"சத்தம் போடாதடா."

"என்னப்பா செய்றீங்க?"

"எமன் தெசையில வாசல் வச்சா எப்புடிடா குடியிருக்கிறது? வாசலத் திருப்பச் சொல்லி உங்கிட்ட மனு எழுதச் சொன்னேன். மூடநம்பிக்கைன்னு சிரிச்ச."

சிரித்தது உண்மை. "அதுக்கு மத்தவங்க நிலைய ஏன் எரிச்சீங்க?"

"அவங்க மட்டும் தெக்க பாத்து இருக்கணுமா? அதோட, நம்மளுது மட்டும் எரிஞ்சா நம்ம மேலதானே சந்தேகப்படுவாங்க!"

"உங்களால அந்தப் பெரியவருக்கு நாளைக்கு வேலை போகுது."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. "அவருக்கா? யாரும் சொல்லலியே" என்றார். செருப்பை மாட்ட மறந்து நடந்தார்.

திங்கட்கிழமை காலை காவல்காரர் பையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கையோடு கொண்டுவந்து மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மேற்பார்வையாளர் கத்தித் தீர்த்தார். மூன்று நிலைகளையும் அப்பா தன் செலவில் செய்து தருவதென்றும், அதுவரை ஞாயிறுதோறும் மேசனுக்குக் கல் சுமப்பதென்றும் முடிவாயிற்று. வாசலைத் திருப்பக் கேட்டு நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து மனு எழுத வேண்டியது என் பாடு.

நான் நடந்ததைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருக்கையில் பெரியவர் பையைக் கீழே வைத்தார். அப்பாவிடமிருந்த போத்தலை வாங்கி, முகர்ந்து பார்த்து, தன் காவல் விளக்கில் ஊற்றிக்கொண்டார்.