குடும்பத்தாரைத் தின்ற ஓட்டை

போன வாரம் வடசேரியில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். சந்தைப் பக்கம் ஒருவர் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, கீறல் விட்ட பிளாஸ்டிக் வாளிகளை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கருகல் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாளிக்காரர் மேல் இல்லை, பாவம். பிளாஸ்டிக் கருகினால் சிலருக்குத் தலை வலிக்கும். எனக்கு எங்கள் சபைக் கமிட்டி ஞாபகம் வரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நோய்தான்.

எங்கள் ஊர் இரணியல் பக்கம். சின்ன கிறிஸ்தவ சபை. ஆனால் உள்ளே நுழைந்தால் எங்கே திரும்பினாலும் பெயர்கள். டியூப் லைட்டில் கொடுத்தவர் பெயர், கறுப்புப் பெயிண்டில். அந்த நீளத்துக்கு வெளிச்சம் கிடையாது. மின்விசிறி இறக்கையில் பெயர். சுற்றினால் வாசிக்க முடியாதே என்று கொடுத்தவர் அதைப் போடவே விடமாட்டார் என்று நாங்கள் கேலி பேசுவோம். சுவர்க் கடிகாரத்தில் ஆறு இருக்கவேண்டிய இடத்தில் யாரோ ஒரு மாமாவின் இனிஷியல். இவ்வளவையும் சகித்துக்கொண்டவன்தான் நான், சில வருடங்களுக்கு முன் டிரம் வரும்வரை.

டிரம் செட்டைக் கொடுத்தவர் கத்தாரில் காண்டிராக்ட் எடுக்கும் தாசன் மாமா. கடையில் இருந்ததிலேயே மலிவான செட். அதில் பெரியது, காலால் மிதித்து அடிக்கிற பேஸ் டிரம். அதன் முன்தோலில் (தோல் என்பது பேச்சுக்கு, உண்மையில் பிளாஸ்டிக்) இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தங்க எழுத்தில் ‘அன்பளிப்பு: தாசன், கத்தார்’. அடியில், வலப்பக்க ஓரத்தில் சின்னதாக ‘மற்றும் குடும்பத்தார்’. எழுத்துக்குக் காட்டிய அக்கறையில் பாதியை டிரம்முக்குக் காட்டியிருந்தால் இதை எழுதும் வேலை எனக்கு மிச்சம்.

கிட்டார் நான். டிரம் அடித்தவள் பெனிஷா. என் சித்தி மகள், என் வயதுதான். அவள் வலது குதிகால் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் கண்டக்டர் கத்துவார்: “ஏ பிள்ள, வண்டிக்க தகரம் கழண்டு போவும், சும்மா இரி!” சாப்பிட உட்கார்ந்தால் சித்தி கரண்டியாலேயே காலில் ஒன்று போடுவாள். கால் ஒரு நிமிடம் நிற்கும், அப்புறம் தொடங்கிவிடும். அப்படிப்பட்டவளுக்கு மிதிக்க ஒரு டிரம் கிடைத்தால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

முதல் ஞாயிறு மிதித்தாள். ‘பூங்ங்ங்’. காலித் தண்ணீர் டேங்கை மாடு முட்டியது போல. பாட்டு முடிந்து போதகர் ஜெபத்தைத் தொடங்கிய பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. கமிட்டிச் செயலர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மக்களே, கிறிஸ்மஸ் கேரல் ஆராதனைக்கு முன்ன இந்தச் சத்தம் நேராவணும். இல்லெங்கி கீபோர்டுல உள்ள தாளம் போதும். பொம்பளப் பிள்ள டிரம் அடிக்கதப் பத்தியும் ரெண்டு பேரு சொல்லுதாவ.”

வெளியே வந்ததும் பெனிஷா என் சட்டையைப் பிடித்தாள். “லேய், எனக்க இடம் போச்சுன்னா உனக்க கிட்டாரையும் சேத்து ஒடைப்பேன்.”

கையில் காசில்லை, போனில் டேட்டா இருந்தது. வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினோம். திருகுகளை எல்லாம் தளர்த்தி, ஒன்று, அதற்கு நேரெதிர் ஒன்று என்று, தோலின் சுருக்கம் போகும்வரை மட்டும் முறுக்கினோம். மிதிக்கும்போது டிரம் நகர்ந்து போகாமல் இருக்க அடியில் பழைய கயிற்று மிதியடி. மிதித்தால் கட்டை வந்து அடிக்கும் இடத்தில் காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்றை ஒட்டினோம். அடி சொத்தென்று விழாமல் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். உள்ளே, இரண்டு தோலையும் லேசாகத் தொடும்படி, ஒரு கம்பளி.

கம்பளி என்றால் சாதாரணமில்லை. வளைகுடாவிலிருந்து வந்த புலிப் படம் போட்ட கம்பளி. இங்கே முக்கால்வாசி வீடுகளில் ஒன்று இருக்கும். இந்த வெக்கையில் யார் போர்த்துவது? பாச்சை உருண்டை மணத்தோடு அலமாரியில் தூங்கும். அம்மா இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

“புலி எங்கலே போச்சு?”

“வேட்டைக்குப் போயிருக்கும்மா.”

“மொதல்ல உன்ன அடிச்சுத் தின்னட்டு அது.”

சத்தம் முக்கால்வாசி சரியானது. மீதிக்கு மைக்கை உள்ளே விடவேண்டும். அதற்கு முன்தோலின் ஓரமாக ஓர் ஓட்டை போடவேண்டும். செயலரிடமே போய்க் கேட்டோம். ஸ்கூட்டரை நிறுத்தாமலே சொன்னார்: “பேரத் தொடாம என்னவும் செய்யுங்க.”

வட்டத்துக்கு அளவாகப் பால் மாவு டின்னைத் தோலின் மேல் வைத்து வைத்துப் பார்த்தோம். எங்கே வைத்தாலும் தாசன் மாமா. பெனிஷா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“குடும்பத்தில உள்ளவங்க பேரு எதாவது போட்டிருக்கா?”

“இல்லட்டி. சும்மா குடும்பத்தார்னுதான்.”

“அப்பம் அது பேரு இல்லல்லா. வை டின்ன.”

டின்னின் வாயைக் கேஸ் அடுப்பில் காய்ச்சி அழுத்தினோம். புஸ்ஸென்று ஒரு வட்டம் கழன்று விழுந்தது, குடும்பத்தாரோடு. அந்த வாசனைதான் வடசேரியில் என் மூக்கில் ஏறியது. விளிம்பு கிழியாமலிருக்க ரப்பர் டியூப்பைக் கீறிச் சுற்றிலும் மாட்டினோம்.

கேரல் ஆராதனையில் அவள் மிதித்தாள். ‘தும்’. முற்றிய தேங்காய் ஈர மண்ணில் விழுகிற மாதிரி. அவ்வளவுதான். விழுந்த இடத்திலேயே நின்றது. டிரம்மே வேண்டாம் என்று சொல்லித் திரிந்த ஒரு பெரியவர் ஊன்றுகோலால் தரையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் தாசன் மாமாவின் மனைவி லில்லி அத்தை டிரம் முன்னால் வந்து நின்றாள்.

“அவரு கெடக்கது கத்தார்ல. ஒரு பாட்டு கேட்டிருப்பாரா? ஞாயித்துக்கு ஞாயிறு வந்து கேக்கது நானும் பிள்ளையளும். வெட்டதுக்கு எங்களத்தான் கிடைச்சுதா மக்கா?”

நியாயமான கேள்வி. பெனிஷாதான் சொன்னாள்: “அத்தே, ஓட்டையச் சுத்தி உங்க எல்லாருக்க பேரையும் எழுதித் தாறேன். மாமாக்க பேர விடப் பெருசா.”

அத்தை சிரித்துவிட்டாள். “சின்னவளுக்கத மொதல்ல எழுது. அவதான் அழுதா.”

அங்கே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கமிட்டி கூடியது. செயலர், “நான் அப்பிடிச் சொல்லவே இல்ல” என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல். தோலை மாற்ற வேண்டும், இனி டிரம்மை யாரும் மிதிக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். லில்லி அத்தையே எழுந்து, “கொடுத்தவிய நாங்க சொல்லுதோம், பிள்ள அடிக்கட்டு” என்றாள். “கொடுத்தாச்சுல்லா, இனி அது சபைக்க சொத்து” என்று உட்கார வைத்தார்கள். கொடுத்தவர் பெயரைக் காப்பாற்றுவார்களாம். கொடுத்தவர் பேச்சைக் கேட்கமாட்டார்களாம். பெனிஷாவை நிறுத்த அவர்கள் தேடிக்கொண்டிருந்தது ஒரு சாக்கு. நாங்கள் அதைக் கச்சிதமான வட்டமாக வெட்டிக் கொடுத்திருந்தோம். இன்றைக்கும் நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

இந்த ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். டிரம் அதே இடத்தில், புதுத் தோலோடு நிற்கிறது. தூசி படாமல் கண்ணாடித்தாள் சுற்றி வைத்திருக்கிறார்கள். தங்க எழுத்து பளபளக்கிறது. மிதிக்கட்டையைக் காணோம். எங்கள் புலி கீபோர்டுக்கு உறையாகிவிட்டது. அதை உருவிப் போட்டு ஒரு பையன் பொத்தானை அமுக்கினான். ‘டிக் டிக்’ என்று தாளம் வந்தது. சபையே கைதட்டிப் பாடியது.

பெனிஷாவும் ஊருக்கு வந்திருந்தாள். இப்போது கோயம்புத்தூரில் வங்கி வேலை. பெண்கள் பக்கம், ஓர இருக்கை. பாட்டு வேகமெடுத்தபோது நான் குனிந்து அவள் வலது காலைப் பார்த்தேன். அடுத்த சரணத்திலும் பார்த்தேன். குதிகால் தரையில் பதிந்து கிடந்தது. அதட்ட ஒரு கண்டக்டரும் இல்லை, கரண்டியோடு சித்தியும் இல்லை. அது தானாகவே சும்மா இருந்தது.