முப்பத்தொன்று முடியட்டும் என்றிருந்தோம்

இத்தாலியின் பலெர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம் இந்தக் கோடையோடு முடிவதாக இருந்தது. அதை நீட்டிக்காவிட்டால் எங்கள் வதிவிட அனுமதியையும் புதுப்பிக்க முடியாது. மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரரிடம் கேட்பதற்கு நான் நாள் குறித்திருந்த வாரத்தில் அவர் இறந்துவிட்டார்.

"செத்த வீட்டிலை போய் ஒப்பந்தக் கதை கதைக்கப் போறியளே? முப்பத்தொண்டு முடியட்டும்," என்றாள் மனைவி. முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை பொறுப்பதே எனக்கும் முறையாகப் பட்டது. சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் அவருடைய மனைவியைப் படியில் கண்டாலும் தலைகுனிந்து விலகிப் போனேன். ஆனால் வேலையில் மனம் நிற்கவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, பகேரியாவில் இருக்கும் சின்யோராவின் மருமகன் அளவுநாடாவோடு எங்கள் வாசலில் நின்றார். எங்கள் வீட்டைச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடப்போகிறாராம். "நீங்கள் எப்போது வெளிக்கிடுகிறீர்கள்?" என்று கேட்டார். மேலே ஓடினேன்.

"நீ ஒரு வார்த்தையும் கேட்கவில்லையே! வேறு வீடு பார்த்துவிட்டாய் என்றல்லவா நினைத்தேன்," என்றார் சின்யோரா.

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வருகிறவர்கள் எல்லாரும் சாவைப் பற்றியே பேசுகிறார்கள். குழாய் ஒழுகுகிறது என்று யாராவது வந்து சண்டை பிடிக்க மாட்டார்களா என்றிருந்தேன்."

பிறகு மருமகனைக் கூப்பிட்டு அளவுநாடாவைச் சுருட்டச் சொன்னார். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது.

இப்போதெல்லாம் ஞாயிறு பூசை முடிந்ததும் மேலே போகிறேன். குழாய் ஒழுகாவிட்டாலும் ஏதாவது ஒரு முறைப்பாட்டோடுதான் போகிறேன்.