மேற்கு வெயில்

பர்கூரைத் தாண்டி ஒரு கிராமத்து டீக்கடையில் பேருந்துக்காகக் காத்திருக்கிறேன். கறுப்புக் கல் ஒன்றைச் சங்கிலியால் கட்டிய லாரி கடந்துபோகிறது. அலமாரியில் கண்ணாடி கிளாஸ்கள் மெல்ல நடுங்கி அடங்குகின்றன.

கடைக்கார அம்மா அவற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "முன்னல்லாம் கல்குவாரியில சங்கு ஊதுனா போதுங்க, கிளாஸையெல்லாம் தரையில எறக்கி வெச்சிருவேன். மலையில வெடி வெப்பாங்க. இப்ப வெடி இல்ல. கரண்டுல ஓடுற ஒயர் ரம்பத்தை வெச்சுக் கல்லை அறுக்குறாங்க, சத்தமே வராது."

அந்தக் கல்குவாரிக்கு இழுத்த மின்கம்பியால்தான் இந்த ஊரில் முதல் பல்பு எரிந்ததாம். இப்போது என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது.

"அப்ப நிம்மதிதானே?" என்கிறேன்.

பாலைக் கிளறிக்கொண்டே சொல்கிறார்: "நிம்மதிதாங்க. ஆனா முன்ன மலை போறது காதுல வுழுந்துச்சு. இப்ப எப்பப் போவுதுன்னே தெரியல."

மாலை ஐந்து மணி இருக்கும். மேற்கிலிருந்து வெயில் நேராகக் கடைக்குள் வந்து அவர் முகத்தில் விழுகிறது. கண்ணைச் சுருக்கியபடி எழுந்துபோய் ஒரு பழைய சேலையை வாசலில் இழுத்துக் கட்டுகிறார்.

"போன வருசம் வரைக்கும் இந்நேரத்துக்கு இங்க மலை நெழலுதாங்க."