மரை வேட்டைக்கு எந்த நாடு?

நான்காம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வேட்டைக்காரன்தான் இருந்தான். அது நான். அந்தப் பதவியை எனக்கு யாரும் தரவில்லை. ஒரு திங்கட்கிழமைக் காலையில் நானே எடுத்துக்கொண்டேன்.

வகுப்புச் சுவரில் ஒரு பெரிய உலகப்படம் தொங்கியது. அரைத்தவணை லீவு முடிந்து வருகிறவர்கள், போய்வந்த இடத்தில் ஆளுக்கொரு வண்ணக் குண்டூசி குத்த வேண்டும் என்று மிஸ் சொன்னார். முன்வரிசையில் இருந்தவன் ஸ்பெயின் என்றான். பக்கத்தில் இருந்தவள் துபாய் என்றாள். நாங்கள் இருந்த கோலியர்ஸ் வுட்டிலிருந்து பக்கத்து டூட்டிங் கடைத்தெருவுக்குப் போய் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் எங்கள் வீட்டு லீவு. அதற்கு ஊசி குத்தினால் போன இடமும் வந்த இடமும் ஒரே ஓட்டைக்குள் முடிந்துவிடும். என் முறை வந்தபோது வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

“நான் சித்தப்பாவோடு எல்க் வேட்டைக்குப் போகிறேன்.”

வகுப்பு அமைதியானது. அந்த அமைதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எந்த நாட்டுக்கு என்று மிஸ் கேட்டார். அதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன், நாலைந்து நாடுகள் எங்கள் வாசலில் வரிசையாகக் காத்து நிற்பதுபோல. அப்படியானால் லீவு முடிந்ததும் முதல் ஊசி உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். நான் மாட்டிக்கொண்ட கதை இதுதான்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. எல்க் என்பது குதிரையைவிட உயரமான, கொம்புகள் அகப்பைபோல விரிந்த பெரிய மான். ஊரில் மரை என்பது வேறு மான் என்று தெரிந்தும் எங்கள் வீட்டில் இதற்கும் மரை என்றே பெயர் வைத்திருந்தார்கள். நோர்வேயில் இருந்த பெரியப்பா, அதாவது அம்மாவின் அக்காவுடைய கணவர், தன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர்களுடன் சேர்ந்து ஒருமுறை மரை வேட்டைக்குப் போனார். அவர் சுட்டாரா, சுட்டவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாரா என்பது எங்கள் குடும்பத்தில் இன்றுவரை தீராத வழக்கு. ஆனால் கொம்பு அவர் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது. ஸ்கைப்பில் அதைக் காட்டுவார்கள். ஒரு பக்கத்தில் குடை தொங்கும், மறுபக்கத்தில் பெரியம்மாவின் கைப்பை தொங்கும். சித்தப்பா கணினித் திரைக்குள் புகுந்துவிடுவார்போலக் குனிந்து, “அண்ணை, அடுத்த முறை நானும் வாறன். என்ர முதல் வேட்டை உங்களோடதான்” என்பார். அந்த அடுத்த முறையைத்தான் நான் வகுப்பில் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டேன்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டின் சின்ன அறையில் இருந்தார். அப்பா பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட், அம்மா முதியோர் இல்லத்தில் ஷிப்ட். வீட்டில் வேலைக்குப் போகாத பெரிய மனிதர்கள் இரண்டு பேர்தான்: சித்தப்பாவும் நானும். மாதத்தில் ஒருநாள் மட்டும் அவர் தோய்த்து மடித்த சேர்ட் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவார். எனக்குத் தினமும் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறார்கள், இவருக்கு மாதத்தில் ஒருநாள்தான் என்று அவர்மேல் எனக்குப் பொறாமை. பாரிசில் ஒரு கலியாணத்துக்கு நாங்கள் எல்லோரும் பஸ் ஏறிப் போனபோது வீட்டைப் பார்த்துக்கொள்வதற்கு அவர் நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் களவெடுக்க அப்படி என்ன இருந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று பின்னேரம் அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். நான் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் விஷயத்துக்கு வந்தேன்.

“சித்தப்பா, நாடு ஒண்டைச் சொல்லுங்கோ. இந்த லீவுக்கு நாங்கள் வேட்டைக்குப் போறம்.”

கத்தி நின்றது. பிறகு மறுபடி நடந்தது.

“நாடு எடுக்கிறது என்ன, கத்தரிக்காய் எடுக்கிறமாதிரியே? முதல் வேட்டையெல்லோ! நாலையும் யோசிச்சுத்தான் எடுக்கவேணும்.”

யோசிக்கத் தொடங்கினார். அவரைப்போல யோசிப்பவரை நான் கண்டதில்லை. நோர்வேயில் எத்தனை மணிக்கு இருட்டும், கனடாவில் பனி எப்போது விழும் என்றெல்லாம் நூலகக் கணினியில் பார்த்துவிட்டு வந்து சொல்வார். வேட்டைக்காரர் செம்மஞ்சள் உடுப்புப் போடாவிட்டால் மரை என்று நினைத்து ஆளையே சுட்டுவிடுவார்கள் என்று கண்டுபிடித்து, பழைய உடுப்புக் கடையிலிருந்து செம்மஞ்சள் சட்டை ஒன்றும் கொண்டுவந்தார். அது ரோட்டு வேலை செய்கிறவர்கள் போடும் சட்டை. முதுகில் வெள்ளிப் பட்டி மின்னியது.

ஞாயிற்றுக்கிழமை புட்டுக்கும் ஆட்டிறைச்சிக் கறிக்கும் நடுவில் குடும்ப மாநாடு கூடியது. சுவீடனில் மரை நிறைய உண்டு என்று தொடங்கினேன். அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “அங்க ஆர் இருக்கினம்?” என்றார். யாரும் இல்லை. சொந்தக்காரர் இல்லாத நாடு எங்கள் வீட்டு உலகப்படத்தில் வெறும் கடல். ஹோட்டலில் தங்கலாமே என்றேன். “ஹோட்டலில நிண்டு கடைச் சாப்பாடு சாப்பிட்டுப் போட்டு வந்து, பேச்சுக் கேக்கிறது ஆர்? நானோ, நீயோ?” சுவீடன் போயிற்று.

கனடாவில் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா இருந்தார். தொலைபேசியில் பிடித்தோம்.

“வரட்டும், வரட்டும்! ஆனா மரை எங்க நிக்குதெண்டு எனக்குத் தெரியாது கண்டியோ. வந்து இவ்வளவு காலம், நான் கண்டதெல்லாம் குப்பைவாளி கிண்டுற மரநாய்தான்.”

போதாததற்கு, கனடாவுக்குப் போனால் நோர்வேப் பெரியம்மா கோபிப்பார். யாரோ ஒருவருடைய பூப்புனித நீராட்டு விழா வீடியோவில் தன்னைக் குறைவாகக் காட்டிவிட்டார்கள் என்று அவருக்கும் மாமாவுக்கும் ஏற்கெனவே பேச்சு இல்லை. மாமா வீட்டுக்கு முதலில் போய்விட்டு அக்கா முகத்தில் விழிக்க முடியாது என்றார் அம்மா. கனடாவும் போயிற்று.

ஆக மிஞ்சியது நோர்வே. நான் வென்றுவிட்டேன் என்று இன்னொரு துண்டு இறைச்சி எடுத்துக்கொண்டேன். அம்மா சுவரில் இருந்த கோயில் கலண்டரைத் திருப்பினார்.

“லீவுக் கிழமை கந்தசஷ்டியெல்லோ! தம்பி விரதம். விரதகாரன் போய்க் கொலைக்குப் பக்கத்தில நிக்கிறதே?”

“ஐயோ, அண்ணி, அதை நான் மறந்தே போனன்” என்றார் சித்தப்பா. மறந்தவருடைய முகத்தில் இருக்க வேண்டிய கவலை அதில் இல்லை.

அப்பா அதுவரை எலும்பு சூப்பிக்கொண்டிருந்தார். “அந்த ஆறு நாளும் முருகனே வேட்டையிலதானே நிண்டவர்?” என்றார்.

“அது சூரன். மரை இல்லை. நீங்கள் சும்மா இருங்கோ.” மேசைக்குக் கீழே அப்பாவின் காலுக்கு ஏதோ நடந்தது. அவர் மறுபடி எலும்புக்குத் திரும்பினார்.

ஆனால் நான் லேசில் விடுகிற ஆளா? சித்தப்பாவின் விரதத்தை நான் பிடிக்கிறேன், அவர் போய் வேட்டையாடட்டும் என்று அறிவித்தேன். ஒத்திகையாக அடுத்த நாளே ஆரம்பித்தும் விட்டேன். காலை இடைவேளை வரைக்கும் முருகனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு குறையும் இல்லை. இடைவேளையில் ஸ்பெயின்காரன் கோழி வாசனை போட்ட கிறிஸ்ப்ஸ் பைக்கற்றை என் மூக்குக்குக் கீழே திறந்தான். அதோடு விரதம் சித்தப்பாவிடமே திரும்பிப் போனது.

லீவு தொடங்கிய அன்று கடைசி ஆயுதமாகப் பெரியம்மாவையே தொலைபேசியில் கூப்பிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. சித்தப்பா விரதத்தோடு வருவார், வேட்டையைத் தூர நின்றுதான் பார்ப்பார், நீங்கள் மரக்கறி சமைத்தால் போதும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. எங்கள் பெரியம்மா தொலைபேசியில் பேசாமல் இருந்ததை நான் கேட்டது அன்றுதான்.

“ராசா,” என்றார் பிறகு, “சித்தப்பாவுக்கு எங்கட கதவு எப்பவும் திறந்துதான் கிடக்கு. ஆனா இந்தமுறை வேண்டாமப்பு. கட்டில் உடைஞ்சு போச்சு.”

பெரியம்மா வீட்டில் கலியாணம் என்றால் வரவேற்பறை முழுக்கப் பாய் போட்டு ஆட்களை வாழைப்பழச் சீப்புப்போல அடுக்கிப் படுக்கவைப்பார்கள். அந்த வீட்டில் ஒரு கட்டில் உடைந்ததால் ஒரு நாடே மூடப்பட்டுவிட்டது. நான் போய்ச் சித்தப்பாவிடம் கொதித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். வகுப்பு, மிஸ், முதல் ஊசி எல்லாவற்றையும் அப்போதுதான் கொட்டினேன்.

அவர் என்னைச் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து செம்மஞ்சள் சட்டையை எடுத்து உதறினார்.

“எடேய், அழாதை. இடம் எடுத்தாச்சு. நாளைக்கு வெளிக்கிடுறம்.”

எடுத்த இடம் ரிச்மண்ட் பூங்கா. இரண்டு பஸ் மாறிப் போனோம். அம்மா எனக்கு இடியப்பம் கட்டித் தந்தார். விரதகாரருக்கு ஒரு போத்தல் பாலும் வாழைப்பழமும். மான்களுக்குக் கிட்டப் போகாதே என்று பலகை போட்டிருந்தது. சித்தப்பா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, சொன்ன தூரத்தை ஒழுங்காக எட்டிவைத்து அளந்து, அதற்கும் பின்னால் ஒரு கருவாலி மரத்தடியில் என்னை இருத்தினார். அப்படிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வேட்டைக்காரரை உலகம் கண்டிருக்காது.

கொஞ்ச நேரத்தில் ஒரு கிழவி நாயோடு வந்து அவரிடம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சட்டையைப் பார்த்துப் பூங்கா ஊழியர் என்று நினைத்துவிட்டார். சித்தப்பா கையை நீட்டி வழி காட்டினார். பிறகு ஒரு குடும்பம் வந்து வாகனத் தரிப்பிடத்தைக் கேட்டது. பிறகு சைக்கிள்காரர் ஒருவர். யாரும் கேட்காத நேரத்திலும் அவர் நிமிர்ந்தே நின்றார்.

“பாத்தியே? எனக்கு இந்த நாட்டில வேலை கிடைச்சிட்டுது” என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அப்போதுதான் அது வந்தது. பெரிய ஆண் மான். கொம்பில் காய்ந்த புதர்ச் செடியை வாரிக் கட்டிக்கொண்டு, காவடி எடுத்தவர்போல ஆடி ஆடி வந்தது. வந்து நின்று, தொண்டைக்குள் லாரி ஸ்டார்ட் ஆகாத சத்தம் ஒன்றை எழுப்பியது. நாங்கள் தூரத்தை அளந்தது சரிதான். ஆனால் அதை மானுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அது எங்கள் பக்கம் நாலு அடி எடுத்து வைத்தது.

“முருகா!” என்றார் சித்தப்பா. அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய தோளும், தலைகீழாகத் துள்ளிய மின்னல் பட்டியும், பின்னால் அநாதையாகக் கிடந்த என் இடியப்பமும்தான். வேலியைத் தாண்டி நின்றபின் திரும்பிப் பார்த்தோம். மான் எங்களை மறந்து புல் தின்றுகொண்டிருந்தது.

“முதல் வேட்டை,” என்றார் மூச்சு வாங்க, “ஆர் ஆரைக் கலைச்சதெண்டு வீட்டில சொல்லக்கூடாது.”

லீவு முடிந்து வகுப்பில் நான் சொன்னேன்: கொம்பு வைத்த பெரிய மிருகம் ஒன்று எங்களைத் துரத்தியது, சித்தப்பா என்னைக் காப்பாற்றினார். அவ்வளவும் உண்மை. ஊசியை மட்டும் நோர்வேயில் குத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா, “எங்க குத்தினனி?” என்றார். சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு, “அப்ப எனக்கு? நானும்தானே வந்தனான்” என்றார்.

அடுத்த நாள் மிஸ்ஸிடம் கேட்டு ஒரு பச்சை ஊசி வாங்கி என் சிவப்பு ஊசிக்குப் பக்கத்தில் குத்தினேன்.

“கடலுக்குள்ள விழாமல் குத்தினனியோ?” என்றார் சித்தப்பா அன்று பின்னேரம்.

“ஓம், நல்லா உள்ளுக்கு.”

“ஆர் சொன்னாலும் கழட்ட விடாதை.”

சித்தப்பாவின் அகதி வழக்கு முடிந்து விசா கையில் கிடைத்தபோது நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். அதுவரை அவர் இந்த நாட்டில் வேலை செய்யவும் கூடாது, இதைவிட்டுக் கடல் தாண்டவும் கூடாது. என்னைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. கலண்டரைத் திருப்பிய அம்மாவுக்குத் தெரியும். எலும்புக்குத் திரும்பிய அப்பாவுக்குத் தெரியும். மரநாய் மட்டும் கண்ட மாமாவுக்கும், கட்டிலை உடைத்த பெரியம்மாவுக்கும் தெரியும். போக முடியாத ஒருவரை, போக மனமில்லாதவராக வைத்திருக்க அவர்கள் இரண்டு கண்டங்களிலிருந்து பாடுபட்டார்கள். அவர்கள் அடைத்த வழிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனவன் நான்.

நான் ஊசி குத்திய அந்த நான்காம் வகுப்புத் தவணை முடிவில், பெற்றோர் சந்திப்பு நாளில் அப்பாவுக்கு ஷிப்ட். அம்மாவோடு சித்தப்பாதான் வந்தார், கையெழுத்து வைக்கப் போகும் அதே சேர்ட்டில். மிஸ் அம்மாவிடம் என் கணக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்க, அவர் நழுவி உலகப்படத்தின் முன்னால் போய் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு ஒரு விரலை நீட்டிப் பச்சை ஊசியின் தலையை மெல்ல அழுத்தினார்.

நான் அதை நன்றாகத்தான் குத்தியிருந்தேன். என் வேலையில் இவருக்கு என்ன சந்தேகம் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.