மூன்றாவது சந்தில் விட்டுவிட்டு ஓடியவன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமின் கருத்துப் பகுதியில் போய் நின்று மாப்பிள்ளை விசாரித்தேன்.

சிரிக்காதீர்கள். முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் அண்ணன் மகள் காவ்யாவை நான் எழுதும் இந்தப் பத்தியில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். ஸ்கூட்டி கற்றுக்கொண்ட புதிதில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய், நடுரோட்டில் நின்ற எருமையிடம் வழி கேட்டாளே... அவளேதான். இப்போது குரும்பகரத்திலிருந்து தினமும் காரைக்காலுக்கு வந்து ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ஆதவன். இருப்பது பிரான்ஸில், லியோன் நகரத்தில். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அப்பா தவறிவிட்டார். வீட்டில் அம்மாவும் பையனும் மட்டும்.

பூர்வீகம் நெரவி. ஆனால் வீட்டை விற்றுவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது.

இங்கேதான் சிக்கல். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை விசாரிக்க ஒரு முறை இருக்கிறது. பையனைப் புகழ்ந்து பேசுகிறவர்களின் பேச்சைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டோம். புகழ யாரால்தான் முடியாது? அந்த வீட்டோடு சண்டை போட்டவர் யார் என்று கண்டுபிடித்து, அவர் வீட்டில் போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்போம். சண்டைக்காரர் வாயிலிருந்து வருகிற குறை எது என்று பார்த்து, அது தாங்கக்கூடிய குறையா என்று முடிவு செய்வோம். என் கல்யாணம் அப்படித்தான் நடந்தது. "மகா கஞ்சன்" என்று சொன்னாராம் என் வீட்டுக்காரரின் சண்டைக்காரர். அப்பா உடனே தாம்பூலம் மாற்றிவிட்டார்.

நெரவியில் அண்ணன் போய் விசாரித்தார். எதிர்வீட்டுக்காரர் இப்போது சென்னையில். கொல்லைச்சுவர் ஒட்டிய வீட்டில் புதுக் குடித்தனம். சண்டைக்காரர் என்று சொல்ல ஒரு ஆள்கூட அங்கே மிச்சமில்லை. லியோனுக்குப் போய் யாரிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பது?

அப்போதுதான் காவ்யா தன் போனை என்னிடம் நீட்டினாள். பையனோடு ஒரே ஒரு முறை பேசியிருந்தாள். பொழுதுபோக்கு என்னவென்று கேட்டதற்கு அவன் வீடியோ கேம் என்று சொல்லி, தான் எழுதிய விமர்சனம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறான்.

விளையாட்டின் பெயர் வேண்டாம். சொன்னால் உங்களில் பாதிப் பேர் பேரனிடமிருந்து அதைப் பிடுங்குவீர்கள், மீதிப் பேர் பேரன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள். விஷயம் இதுதான். ஒரு துறைமுக நகரம். கறுப்பு வெள்ளை. எந்நேரமும் இருட்டு, எந்நேரமும் மழை — எங்கள் ஊர் ஐப்பசி கார்த்திகையே தோற்றுப்போகும். நீளக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு முன்னாள் போலீஸ்காரன், கரகரத்த குரலில் தனக்குத்தானே பேசிக்கொண்டு சந்து சந்தாகப் போய்க் கெட்டவர்களைச் சுடுகிறான். துப்பாக்கியில் குண்டு எப்போதும் பற்றாக்குறை. நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். ஒருவர் சுடப்பட்டு விழுந்தால், கூட வந்தவர் பக்கத்தில் வந்து கை கொடுத்துத் தூக்கினால்தான் எழ முடியும். வராவிட்டால் அப்படியே மழையில் கிடக்க வேண்டியதுதான்.

ஆதவன் ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்தான். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் — இவ்வளவு மழையில் நனைகிறார்கள், ஒருத்தராவது தலை துவட்டுகிறார்களா? எனக்குப் பையனைப் பிடித்துவிட்டது. கடைசியில் இப்படி முடித்திருந்தான்: "தனியாக ஆடாதீர்கள். கூட ஒருவர் இருந்தால்தான் இந்த ஊரைத் தாங்க முடியும்."

காவ்யா அந்த வரியை எனக்கு இரண்டு முறை காட்டினாள். எனக்குப் புரிந்தது.

அந்த விமர்சனத்துக்குக் கீழே மற்றவர்களின் கருத்துகள் வரிசையாக இருந்தன. முதலில் இருந்ததைப் படித்ததும் அவள் முகம் மாறியது. 'கறுப்புக் குடை' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள்: "இந்த ஆளை நம்பி ஆடப் போகாதீர்கள். மூன்றாவது சந்தில் நம்மை விட்டுவிட்டு ஓடிவிடுவான்."

உங்களுக்கும் எனக்கும் அது வெறும் விளையாட்டுக் கருத்து. காவ்யாவுக்கு அப்படி இல்லை. பிரான்ஸ் மாப்பிள்ளை என்று கட்டிக்கொண்டு போன பெண்களின் கதைகள் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று கிடைக்கும். நல்லபடியாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் காகிதம் வருகிறது, விசா வருகிறது என்று தாய்வீட்டிலேயே உட்கார்ந்திருந்த ஒருத்தியும், அங்கே போனபிறகு பேச ஆளில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியும் அவள் கூடப் படித்தவர்கள்.

"தெரியாத ஊருங்க அத்தை," என்றாள். "அவரு பாட்டுக்கு முன்னாடி போயிட்டா, நான் அங்க யாரைத் தெரியும்னு நிப்பேன்?"

அண்ணன் விஷயத்தைக் கேட்டார். சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது, வடிக்க வேண்டும், அந்தக் கவலையில் இருந்தவருக்கு முடிவெடுக்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. விளையாட்டிலேயே விட்டுவிட்டு ஓடுகிறவன் வாழ்க்கையில் நிற்பானா? தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார். காவ்யா ஒன்றும் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சும்மா இருக்கிற பெண் அல்ல அவள். எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது.

நான் யோசித்தேன். லியோனில் சண்டைக்காரர் கிடைக்கவில்லை என்று இவ்வளவு நாள் தவித்தோம். இதோ, தானாகவே ஒருவர் வந்து நிற்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வரனைத் தட்டிக்கழிப்பது எந்த ஊர் நியாயம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், யாரிடமும் சொல்லாமல், அந்தத் தளத்தில் எனக்கு ஒரு கணக்கைத் தொடங்கினேன். புனைபெயர் கேட்டது. 'பெண்ணின் அத்தை' என்று கொடுத்தேன். கறுப்புக் குடையின் கருத்துக்குக் கீழே, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டேன்: "வணக்கம். நான் காரைக்காலிலிருந்து எழுதுகிறேன். இவர் உங்களை விட்டுவிட்டு ஓடியது ஒரே ஒரு முறையா, வழக்கமாகவே அப்படியா? கோபம் அதிகமா? குடிப்பழக்கம் உண்டா?"

கேட்டுவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக் கூட்டம்! உலகத்தில் இத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒருவர், குடிப்பழக்கம் உண்டு, விஸ்கி, முதல் காட்சியிலேயே குடிக்கிறான் என்று எழுதியிருந்தார். நான் பதறிப்போனேன். பிறகுதான் அவர் சொன்னது விளையாட்டின் கதாநாயகனை என்று புரிந்தது. இன்னொருவர், அவனுக்கா பெண் கொடுக்கப் போகிறீர்கள், ஏற்கெனவே இரண்டு மனைவிகள் ஆயிற்றே என்று என்னை எச்சரித்திருந்தார்.

மற்றவர்கள் மாப்பிள்ளையை மறந்துவிட்டு விளையாட்டைப் பற்றியே சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். மழைச் சத்தத்துக்காகவே ஆடுகிறேன், சுடுவதே இல்லை என்றார் ஒருவர். குண்டு பற்றவில்லை, இது துப்பறியும் விளையாட்டா பட்டினி விளையாட்டா என்றார் இன்னொருவர். கதாநாயகன் ஓயாமல் புலம்புகிறான், அதற்குத்தான் எங்கள் வீட்டில் பெரியப்பா இருக்கிறாரே என்றது ஒரு கருத்து. கதை ஒன்றும் புரியவில்லை, ஆனால் பத்துக்குப் பத்து என்று ஒரு நல்ல மனசுக்காரர். அவர் கண்டிப்பாக இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவராக இருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனித்தேன். விளையாட்டைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டினி என்றவர் வீட்டில் பசி. பெரியப்பா என்றவர் வீட்டில் புலம்பல். மழைச் சத்தக்காரருக்கு என்ன கஷ்டமோ, பாவம்.

கறுப்புக் குடையிடமிருந்து மட்டும் பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். "நீங்க காவ்யாவோட அத்தையா? உங்க போன் நம்பரைத் தனியா அனுப்புங்க."

பெண்ணின் பெயர் எப்படித் தெரிந்தது? நம்பரை அனுப்பிய சிறிது நேரத்தில் போன் வந்தது. கொஞ்சம் வயதான பெண் குரல். நெரவித் தமிழ், நடுநடுவே பிரெஞ்சு.

"நான்தாங்க அவனைப் பெத்தவ," என்றார்.

உலகமெல்லாம் தேடிக் கண்டுபிடித்த சண்டைக்காரர்... மாப்பிள்ளையின் அம்மா. பெயர் விசாலாட்சி. அவர் பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று ஊர் உலகத்துக்கு முன்னால் நான் அவரிடமே கேட்டிருக்கிறேன். வரன் போயிற்று, அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருக்க, அந்த அம்மா சிரித்துக்கொண்டே இருந்தார்.

கணவர் போனபிறகு அவருக்கு அங்கே பேச்சுத்துணை கிடையாதாம். பையன் வேலையிலிருந்து வந்தால் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய் இந்த விளையாட்டில் உட்கார்ந்துவிடுவான். திட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. ஒருநாள் தானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் ஒரு ஜாய்ஸ்டிக் கொடு என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துதான் சுடுகிறார்கள். அந்த மூன்றாவது சந்தில் மட்டும் இவருக்கு ஓட முடிவதில்லை. விழுந்துவிடுவார்.

அப்போது அவன் ஓடிவிடுவது உண்மைதானா என்று, விசாரிக்க வந்தவள் விசாரித்தே தீருவேன் என்று கேட்டேன்.

"ஓடுவான்ங்க. ஓடிப்போய் முன்னாடி நிக்கிறவனுங்களை முடிச்சிட்டுத் திரும்பி வந்து என்னைத் தூக்கிவிடுவான். என்னை அங்க போட்டுட்டு ஒரு நாளும் ஆட்டத்தை முடிச்சதில்ல."

அதை ஏன் எழுதவில்லை?

"கோவத்துல எழுதறப்ப யாருங்க முழுசா எழுதறா?"

எவ்வளவு பெரிய உண்மை! ஹோட்டலில் சாம்பார் ஆறியிருந்தது என்று ஒற்றை நட்சத்திரம் போடுவோம். கேட்டதும் சூடாகக் கொண்டுவந்து ஊற்றினாரே, அதை எழுதுவோமா? புருஷனைப் பற்றி அம்மா வீட்டில் சொல்கிற பெண்களும் 'விட்டுவிட்டு ஓடிவிட்டார்' வரைக்கும்தான் சொல்வார்கள். திரும்பி வந்ததைச் சொல்ல மறந்துவிடும்.

அன்று மாலையே காவ்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றவள் பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேசுவாளா, இதெல்லாம் ஒரு சாட்சியா என்றார். காவ்யா இந்த முறை சும்மா இருக்கவில்லை.

"விட்டுக்கொடுத்துத்தானேப்பா எழுதியிருக்காங்க? நம்மளைத் தெரியறதுக்கு முன்னாடியே, பெத்த புள்ளையைப் பத்தி," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவரு முன்னாடி ஓடினாலும், பின்னாடி எனக்கு அவங்க இருப்பாங்க அத்தை. நான் தனியா நிக்க மாட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையைப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மாமியாரைப் பிடித்துச் சம்மதம் சொன்ன முதல் பெண்ணை என் குடும்பத்திலேயே பார்த்துவிட்டேன். அண்ணன் தரகர் நம்பரை எடுத்துக் கொடு, சம்மதம் சொல்லிவிடலாம் என்றார்.

விசாலாட்சி அம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். சீர் செனத்தி என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று முறைப்படி கேட்டேன். ஒன்றும் வேண்டாம், பெண்ணுக்குச் சுடத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். பரவாயில்லை, மூன்றாவது சந்துக்கு எனக்கு ஓர் ஆள் வேண்டும், நிச்சயத்துக்குள் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

காவ்யா கற்றுக்கொண்டாள். எருமையிடம் வழி கேட்ட அதே வேகம். அண்ணன் வீட்டு லேப்டாப் இந்த விளையாட்டைப் பார்த்ததும் காய்ச்சல்காரன் மாதிரி சுட்டது, மேலே ஃபேனைப் போட்டுவிட்டு ஆடினாள். போன சனிக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து ஆடினார்கள் — லியோனிலிருந்து அம்மாவும் பிள்ளையும், குரும்பகரத்திலிருந்து இவள். நானும் அண்ணனும் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு பெண் பார்க்கும் வைபவம் போல உட்கார்ந்திருந்தோம். அண்ணி கேசரி கிண்டியிருந்தார். யாருக்கு என்று தெரியவில்லை, நாங்களே சாப்பிட்டோம்.

மூன்றாவது சந்து வந்தது. விசாலாட்சி அம்மா விழவில்லை. காவ்யா விழவில்லை. மாப்பிள்ளைதான் விழுந்தார்.

மழையில் மல்லாந்து கிடக்கிறார். ஸ்பீக்கரில் அவர் குரல் வருகிறது, அம்மா, அம்மா என்று. அப்புறம் கொஞ்சம் கூச்சத்தோடு, காவ்யா என்று. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவே இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டே சுட்டபடி அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்து தூக்கிவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு கை கொடுத்தார்கள். ஆனால் சாவகாசமாகத்தான் வந்தார்கள்.

தை பிறந்ததும் நிச்சயதார்த்தம். நான் அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததுமே அந்தத் தளத்துக்குப் போய், 'பெண்ணின் அத்தை' என்ற பெயரில் கடைசியாக ஒரு கருத்து எழுதிவிட்டு வந்தேன்:

"தீர விசாரித்துவிட்டேன். இந்தப் பையனை நம்பிப் போகலாம். அவனோடு வருகிற இரண்டு பெண்களிடம்தான் ஜாக்கிரதை."